வலிமை 16, பக்கத்தில் +3: கதாபாத்திரப் பண்புகள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன?

கேள்வி: "முதல்முறையாக டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடப் போகிறேன். கேரக்டர் ஷீட்டில் வலிமை 16 என்று போட்டு, பக்கத்தில் +3 என்று இருக்கிறது. எந்த எண்ணை எப்போது எடுப்பது? புள்ளிகளை எதில் போட்டால் நல்லது? ஒவ்வொரு கேமிலும் பண்புகள் ஏன் வேறு வேறாக இருக்கின்றன?"

உங்கள் ஷீட் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புக்கானது என்று தெரிகிறது. முதலில் அதற்கான நேரடிப் பதில்: ஆடும்போது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை எடுக்க வேண்டியது +3ஐத்தான். 16 என்பது பண்பின் மதிப்பு, +3 என்பது அதிலிருந்து கிடைக்கும் மாடிஃபையர், அதாவது பகடையில் விழும் எண்ணோடு கூட்டுவது. மதிப்பில் 10ஐக் கழித்து, 2ஆல் வகுத்து, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்கினால் மாடிஃபையர் வரும். 16க்கு +3. 15க்கு இரண்டரை வரும், அது +2 ஆகிவிடும். 10க்கும் 11க்கும் பூஜ்யம். 10க்குக் கீழே போனால் பலரும் தடுமாறுகிறார்கள்: 9க்கு மைனஸ் அரை வருகிறது, அதைப் பூஜ்யம் என்று எழுதிவிடுகிறார்கள். கீழ்ப்பக்கம் என்றால் −1. ஆக 8, 9 இரண்டுக்குமே −1தான்.

ஒரு பண்பு எவ்வளவு முக்கியம் என்பதை அதன் பெயர் சொல்லாது. எத்தனை விதிகள் அந்தப் பண்பைக் கேட்கின்றன, எவ்வளவு அடிக்கடி கேட்கின்றன என்பதுதான் அதன் விலை. 'அறிவு' என்ற பெயரைப் பார்த்ததும் பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் ஐந்தாம் பதிப்பில் விசார்ட் மாதிரி அறிவை நம்பி மந்திரம் போடாதவருக்கு, சில ஸ்கில்களையும் எப்போதாவது வரும் சேவிங் த்ரோவையும் (ஆபத்திலிருந்து தப்பப் போடும் ரோல்) தவிர அது வேறெங்கும் வராது. 'லாவகம்', அதாவது டெக்ஸ்டெரிட்டி, கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கனமான கவசம் போடாத எல்லோருக்கும் ஆர்மர் கிளாஸ், அதாவது எதிரியின் அடி நம் மேல் பட எட்ட வேண்டிய எண், அதிலிருந்துதான் வருகிறது. சண்டையில் யார் முதலில் என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ், வில் அம்பு, குத்துவாள் போன்ற லேசான ஆயுதங்களின் அடி, ஒளிந்து நடப்பது, ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் வரும்போது விலகுவது என்று எல்லாமே அதில்தான் நிற்கின்றன.

அதனால் புது ஷீட் கையில் வந்ததும் ஒரு பென்சில் எடுத்து, ஒவ்வொரு பண்புக்குப் பக்கத்திலும் அது போய்ச் சேரும் இடங்களைக் குறித்து வையுங்கள். முதல் லெவல் ஃபைட்டர், அதாவது போர்வீரர், வலிமை 16, கையில் லாங்ஸ்வோர்ட் என்ற நீள்வாள் என்று வைத்துக்கொள்வோம். +3 எங்கெங்கே போகிறது? அடிக்கும் ரோலில் +3 வலிமை, கூடவே தேர்ச்சிக்கான +2 ப்ரொஃபிஷன்சி போனஸ், மொத்தம் +5. சேதத்தில் ஒரு டி8, அதாவது 8 முகப் பகடை, கூட +3. வலிமை சேவிங் த்ரோ ஃபைட்டருக்குத் தேர்ச்சியுள்ளது, ஆகவே +5. அத்லெட்டிக்ஸ் ஸ்கில்லில் தேர்ச்சி எடுத்திருந்தால் +5, இல்லையென்றால் +3. பிறகு 16 என்ற முழு மதிப்பு வரும் இடங்கள்: சுமக்கும் அளவு 16 பெருக்கல் 15, அதாவது 240 பவுண்டு. பத்தடி ஓடிவந்து தாண்டும் நீளத் தாண்டல் 16 அடி.

நாளை வலிமை 18 ஆகும்போது இத்தனை இடத்திலும் திருத்த வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாதவர்கள் அடிக்கும் ரோலைத் திருத்திவிட்டுச் சேதத்தை மறந்துவிடுவார்கள், பல வாரம் குறைந்த எண்ணிலேயே ஆடிக்கொண்டிருப்பார்கள். உடல் உறுதி விஷயத்தில் இன்னும் மோசம். அதன் மாடிஃபையர் ஒன்று கூடினால் ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, இனி வரும் லெவல்களுக்கு மட்டும் கூடுவதில்லை, கடந்துவந்த லெவல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று சேரும். எட்டாம் லெவலில் உடல் உறுதி 14லிருந்து 16 ஆனால் அன்றைக்கே 8 ஹிட் பாயிண்ட் ஏற வேண்டும். அந்த எட்டை விட்டவர்கள் எக்கச்சக்கம்.

சரி, ஒரு +1க்கு என்னதான் மதிப்பு? டி20, அதாவது 20 முகப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் 5%. ஆகவே +1 என்றால் 5% என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மேலே சொன்ன ஃபைட்டர் ஆர்மர் கிளாஸ் 15 உள்ள காப்ளின் என்ற குட்டி எதிரியை அடிக்கிறார். +5 இருந்தால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும்: 55%. வலிமை 14 ஆக இருந்தால் மொத்தம் +4, தேவை 11: 50%. வித்தியாசம் 5%தான். ஆனால் பட்ட அடியின் சேதமும் கூடவே மாறுகிறது: சராசரி 7.5 ஒரு பக்கம், 6.5 இன்னொரு பக்கம். 20 விழுந்தால் சேதப் பகடையை இரண்டு முறை போடும் கிரிட்டிக்கலையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு வீச்சுக்குச் சராசரி சேதம் 4.35க்கு எதிராக 3.48 வருகிறது. கால் பங்கு கூடுதல். முதன்மைப் பண்பை முதல் லெவலிலேயே 16க்குக் கொண்டுவந்துவிடுங்கள் என்று பழகியவர்கள் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இங்கேதான் ஒற்றைப்படை எண்களின் சிக்கல் வருகிறது. 15 இருந்தாலும் 14 இருந்தாலும் மாடிஃபையர் ஒன்றே. அந்தக் கூடுதல் ஒன்று பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய். முழுக்க வீண் என்றும் சொல்லிவிட முடியாது: செயின் மெயில் போட்டு நடை குறையாமல் இருக்க வலிமை 13 வேண்டும், பிளேட் கவசத்துக்கு 15 வேண்டும். ஃபைட்டர், விசார்ட் மாதிரி இரண்டு கிளாஸ்களைக் கலக்க வேண்டுமானால் அந்தந்தக் கிளாஸின் பண்பில் 13 வேண்டும். இந்தத் தேவைகள் உங்களுக்கு இல்லையென்றால் இரட்டைப்படைக்கே போங்கள்.

ஒரு உதாரணம். ஸ்டாண்டர்ட் அர்ரே என்ற தயார் வரிசை 15, 14, 13, 12, 10, 8. பின்னணியிலிருந்தோ இனத்திலிருந்தோ ஒரு பண்புக்கு +2, இன்னொன்றுக்கு +1 கிடைக்கிறது என்று வைப்போம். கை தானாக +2ஐ 15க்குத்தான் கொடுக்கும்: 17, 15. மாடிஃபையர் +3, +2. அதையே மாற்றி 15க்கு +1, 14க்கு +2 கொடுத்தால் 16, 16. இரண்டுமே +3. செலவு ஒன்றுதான், பலன் ஒன்று கூடுதல். நான்காம் லெவலில் பண்பை ஒன்று உயர்த்தும் ஃபீட் (சிறப்புத் திறமை) ஒன்றை எடுத்து 17ஐ 18 ஆக்கும் திட்டம் முன்கூட்டியே இருந்தால் மட்டும் 17 நியாயம்.

கூட்டல் கழித்தலுக்கு மாடிஃபையர் மட்டும் போதுமென்றால், 16 என்ற எண்ணை எதற்கு எழுத வேண்டும்? காரணம் வரலாறு. 1974இல் வந்த முதல் பதிப்பில் மூன்று டி6, அதாவது 6 முகப் பகடை, போட்டு, விழுந்த வரிசையிலேயே ஆறு பண்புகளையும் நிரப்பினார்கள். ஆனால் அந்த எண்கள் அன்று செய்த வேலை ரொம்பக் கொஞ்சம். வலிமை எவ்வளவு இருந்தாலும் அடியில் ஒன்றும் கூடாது, ஃபைட்டருக்கு அது 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுபவப் புள்ளி 10% கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவே. அடுத்த ஆண்டு வந்த துணைநூலில்தான் வலிமை சண்டைக்குள் நுழைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு பண்புக்கும் ஒவ்வொரு அட்டவணை என்று வளர்ந்து, 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாவற்றையும் அடித்துத் துடைத்து இன்றைய ஒரே சூத்திரத்தை வைத்தது. பழைய 3 முதல் 18 வரையிலான எண் அடையாளமாக நின்றுவிட்டது, வேலையை மாடிஃபையர் எடுத்துக்கொண்டது.

இது வெறும் பழங்கதை இல்லை. பண்புகளை உருவாக்கும் முறையும் அவற்றைப் பயன்படுத்தும் முறையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். 1981இன் பேசிக் விதிகளில் 9 முதல் 12 வரை எல்லாமே பூஜ்யம், 13 முதல் 15 வரை +1, 16ம் 17ம் +2, 18 மட்டுமே +3. மூன்று டி6 போட்டால் 9 முதல் 12க்குள் விழ 48% வாய்ப்பு. ஆகவே கிட்டத்தட்டப் பாதிப் பண்புகள் பூஜ்யத்திலேயே நிற்கும், யாரும் யாரையும் விட ரொம்ப மேலே போய்விட மாட்டார்கள். அந்த உருட்டலை மட்டும் எடுத்துக்கொண்டுவந்து ஐந்தாம் பதிப்பில் வைத்தால் ஆட்டம் நொண்டும். இங்கே எதிரிகளின் எண்களெல்லாம் முதன்மைப் பண்பு 16 பக்கம் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை.

நான்கு டி6 போட்டு, குறைந்ததை எடுத்துவிட்டு மூன்றைக் கூட்டும் முறைக்குச் சராசரி 12.24. மூன்று டி6க்கு 10.5. 18 விழும் வாய்ப்பு 0.46%லிருந்து 1.62% ஆகிறது. உருட்டுவதில் உள்ள பரபரப்பு உண்மையானது, அதை யாரும் மறுக்க முடியாது. கெடுவது எங்கே என்றால் ஒரே மேசையில் ஒருவருக்கு 17, 16, 15, 14, 13, 11 என்றும் பக்கத்திலிருப்பவருக்கு 13, 12, 11, 10, 9, 7 என்றும் விழும்போது. அந்த வித்தியாசத்தோடு இருவரும் மாதக்கணக்கில் ஆட வேண்டும். எளிய தீர்வு: எல்லோரும் உருட்டட்டும், விழுந்த வரிசைகளை எல்லாம் மேசை நடுவில் எழுதுங்கள், யார் வேண்டுமானாலும் எந்த வரிசையையும் எடுத்துக்கொள்ளலாம். பரபரப்பும் இருக்கும், சமநிலையும் இருக்கும்.

உருட்டவே வேண்டாம் என்றால் பாயின்ட் பை. 27 புள்ளிகள், எல்லாப் பண்பும் 8இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு. ஆகவே 13க்கு மொத்தம் 5, 14க்கு 7, 15க்கு 9. மேலே சொன்ன ஸ்டாண்டர்ட் அர்ரேயின் விலையைக் கூட்டிப் பாருங்கள்: 9, 7, 5, 4, 2, 0. சரியாக 27.

எதில் போடுவது என்ற கேள்விக்கு என் வரிசை இது: உங்கள் கிளாஸ் எதை வைத்து அடிக்கிறதோ அல்லது மந்திரம் போடுகிறதோ அது முதலில், உடல் உறுதி 14 இரண்டாவது, பிறகு லாவகமும் விவேகமும். இந்த இரண்டைச் சொல்லக் காரணம் உண்டு. ஆபத்தான சேவிங் த்ரோக்கள் பெரும்பாலும் லாவகம், உடல் உறுதி, விவேகம் மூன்றில்தான் வரும். விவேகத்தில் தோற்றால் பல நேரம் கதாபாத்திரமே உங்கள் கையை விட்டுப் போய்விடும். பயந்து ஓடும், இல்லையென்றால் எதிரி பக்கம் சேர்ந்துவிடும். கனமான கவசம் போடுபவர்கள் மட்டும் லாவகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி மற்ற கேம்கள். பண்புகளின் பட்டியலைப் பார்த்தாலே அந்த கேம் எதைப் பற்றியது என்று தெரிந்துவிடும். கர்ப்ஸ் என்ற கேமில் நான்கே பண்புகள்: வலிமை, லாவகம், அறிவு, உடல்நலம். எல்லாம் 10இல் தொடங்கும். நான்காம் பதிப்பில் வலிமையையும் உடல்நலத்தையும் ஒரு படி ஏற்ற 10 புள்ளி, லாவகத்துக்கும் அறிவுக்கும் 20. இரு மடங்கு ஏன்? ஏராளமான ஸ்கில்கள் அந்த இரண்டிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. பண்பின் விலை அதைத் தொடும் விதிகளின் எண்ணிக்கை என்று மேலே சொன்னேனே, அதை இந்த கேம் வெளிப்படையாக விலைப்பட்டியலிலேயே எழுதிவிட்டது.

அங்கே பகடையும் வேறு. மூன்று டி6 போட்டு, உங்கள் எண்ணுக்குச் சமமாகவோ கீழாகவோ விழ வேண்டும். மூன்று பகடையின் கூட்டுத்தொகை நடுவில் குவியும் என்பதால் ஒவ்வொரு +1க்கும் மதிப்பு மாறுகிறது. 10லிருந்து 11க்கு ஏறினால் வெற்றி வாய்ப்பு 50%லிருந்து 62.5%. 14லிருந்து 15க்கு ஏறினால் 90.7%லிருந்து 95.4% மட்டுமே. டி20 பழக்கத்தில் வருபவர்கள் ஒரே ஸ்கில்லை 18 வரை ஏற்றிவிட்டு மற்றதெல்லாம் 10இல் கிடக்க விட்டுவிடுவார்கள். இருட்டு, தூரம் என்று கழித்தல் வரும் இடங்களில் அந்த உயரம் உதவும், இல்லாவிட்டால் நடுவில் இருப்பதை இரண்டு படி ஏற்றுவதுதான் லாபம்.

கால் ஆஃப் தூலூ என்ற திகில் கேமில் பண்புகள் கதாபாத்திரம் பிறக்கும்போது பெரும்பாலான வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. ஏழாம் பதிப்பில் உடல் உறுதியையும் உடலளவையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஹிட் பாயிண்ட், மனவலிமைதான் தொடக்க மனநிலை எண், கல்வியும் அறிவும் ஸ்கில் புள்ளிகளைத் தருகின்றன. அதன் பிறகு ஆட்டம் ஸ்கில் சதவீதங்களில் ஓடும். டிராவலர் என்ற விண்வெளி கேமில் நேர்மாறு: உடல் சார்ந்த பண்புகளே உயிர். குண்டு பட்டால் தாங்குதிறன், வலிமை, லாவகம் ஆகிய எண்கள்தான் குறையும், தனியாக ஹிட் பாயிண்ட் கிடையாது. அடிபட்டவர் பலவீனமாகவும் மெதுவாகவும் ஆகிறார் என்பது தனி விதி இல்லாமல் தானாகவே வந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டின் வழியில் வந்த கேம்களில் இரண்டு டி6 கூட்டி, பெரும்பாலும் −1 முதல் +3 வரையிலான பண்பைச் சேர்ப்பார்கள். 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6 அல்லது அதற்குக் கீழே சிக்கல். பண்பு 0 என்றால் முழு வெற்றி 16.7%, சிக்கல் 41.7%. பண்பு +2 ஆனால் இரண்டும் அப்படியே இடம் மாறுகின்றன: முழு வெற்றி 41.7%, சிக்கல் 16.7%. ஆகவே இங்கே +1 என்பது டி20இன் +1 இல்லை. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் 'உதவிக்கு +2' என்று தாராளமாகக் கொடுத்தால் ஆட்டத்தின் நெருக்கடியே போய்விடும்.

நீங்கள் ஒருநாள் கேம் மாஸ்டராக உட்காரும்போது இரண்டு இடங்களில் பண்புகள் உங்கள் கையைக் கடிக்கும். முதலாவது நேருக்கு நேர் போட்டி. வலிமை 20 உள்ள பெரிய உருவமும் வலிமை 8 உள்ள ஒல்லியான விசார்டும் கைமல்லு போடுகிறார்கள், ஆளுக்கொரு டி20. +5க்கு எதிராக −1. விசார்ட் ஜெயிக்கும் வாய்ப்பு 22.75%, சமமாக முடிய 3.5%. நான்கில் ஒரு தடவைக்குச் சற்றே குறைவு! மேசையில் எல்லோரும் சிரிப்பார்கள், வலிமையில் புள்ளி கொட்டியவருக்கு மட்டும் மனசு வலிக்கும். டி20இன் வீச்சு 20, பண்பின் வித்தியாசம் 6, அதுதான் காரணம். மூன்று ரோலில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்று வைத்தால் 14% ஆகக் குறையும். அந்த ஒரு ரோலுக்கு டி20க்குப் பதில் மூன்று டி6 போட்டால் 6%. இதையெல்லாம் விட நல்லது, முடிவு சந்தேகமே இல்லாத இடத்தில் பகடையைத் தொடாமல் இருப்பது. பலசாலி ஜெயித்தார் என்று சொல்லிவிட்டு ஆட்டத்தை நகர்த்துங்கள்.

இரண்டாவது, அறிவும் வசீகரமும். வலிமை 18 உள்ள கதாபாத்திரத்தை ஆடுபவரிடம் மேசையைத் தூக்கிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வசீகரம் 18 உள்ளவரிடம் 'சரி, காவலனிடம் என்ன பேசுகிறாய், பேசிக் காட்டு' என்று கேட்டுவிட்டு, திக்கித் திணறினால் தோல்வி என்று முடிவு செய்துவிடுகிறார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் அதற்குப் பிறகு வசீகரத்தில் புள்ளியே போட மாட்டார். மறுபக்கம், வசீகரத்தை 8இல் விட்டுவிட்டு வாய்ச்சாலக்கால் எல்லாவற்றையும் சாதிப்பவரும் இருப்பார். இரண்டுக்கும் ஒரே மருந்து: என்ன வேண்டும், எந்த வழியில் கேட்கிறீர்கள் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். 'கதவைத் திறக்க வைக்க வேண்டும், அவனுடைய மேலதிகாரி பெயரைச் சொல்லி மிரட்டுகிறேன்' என்றால் போதும். வழி பொருத்தமாக இருந்தால் தேவையான எண்ணை 15லிருந்து 10க்குக் குறையுங்கள், பொருந்தாவிட்டால் 20க்கு ஏற்றுங்கள். பிறகு பகடை விழட்டும். நடிக்க விரும்புபவர் நடிக்கலாம், ஆனால் எண்ணைத் தீர்மானிப்பது வழிதான்.

சொந்தமாக விதிகள் எழுதும் ஆசை இருந்தால், பண்புகளின் பெயரில் தொடங்காதீர்கள். உங்கள் கேமில் கதாபாத்திரங்கள் திரும்பத் திரும்பச் செய்யும் பத்துச் செயல்களை எழுதுங்கள், அவற்றை மூன்று முதல் ஆறு குவியல்களாகப் பிரியுங்கள், குவியலுக்குப் பெயர் வையுங்கள். பிறகு மூன்று முறை ஆடுங்கள். ஒவ்வொரு ரோலுக்கும் எந்தப் பண்பு என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு பண்புக்கு 30 கோடு, இன்னொன்றுக்கு 4 என்று வந்தால் சின்னதைப் பக்கத்துப் பண்போடு சேர்த்துவிடுங்கள், அல்லது பெரியதை இரண்டாக உடையுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 'இந்தச் செயலுக்கு எந்தப் பண்பு?' என்று மேசையில் விவாதம் வந்த இடங்களுக்குப் பக்கத்தில் ஒரு சுழி போட்டு வையுங்கள். ஒரே ஜோடிப் பண்புகளுக்கு இடையே சுழி மூன்று விழுந்துவிட்டால், பிரச்சினை ஆடுபவர்களிடம் இல்லை, நீங்கள் எழுதிய விளக்கத்தில்தான் இருக்கிறது. அந்த இரண்டின் விளக்கத்தை மாற்றி எழுதி மறுபடி ஆடிப் பாருங்கள்.